56 காலிக் கட்டங்கள்: எரிக் எரிக்சனின் வரைபடத்தை மறுபடி வாசித்தல்

1

எரிக் எரிக்சன் என்ற பெயரை பி.எட். படித்தவர்களிடமோ ஆசிரியர் தகுதித் தேர்வுக்குத் தயாரானவர்களிடமோ சொல்லிப் பாருங்கள். ஒரு மார்க் கேள்விக்கான பதில் மாதிரி உடனே வந்து விழும்: எட்டு நிலைகள். நம்பிக்கை எதிர் அவநம்பிக்கை, தன்னாட்சி எதிர் வெட்கம், முன்முயற்சி எதிர் குற்றவுணர்வு, உழைப்பு எதிர் தாழ்வுணர்வு, அடையாளம் எதிர் குழப்பம், நெருக்கம் எதிர் தனிமை, ஆக்கம் எதிர் தேக்கம், முழுமை எதிர் நிராசை. பிறப்பிலிருந்து சாவு வரைக்கும் எட்டே படிகள். ஒன்றில் ஏறி, பாஸாகி, அடுத்ததுக்குப் போகணும். அப்படித்தான் நாம் அதைப் படித்தோம்.

வகுப்பறைக்கு வெளியே வந்தால் அதே படிக்கட்டு வேறு உடையில் நிற்கிறது. 'ஐடென்டிட்டி கிரைசிஸ்' என்ற சொல்லை உலகப் பொதுச் சொல்லாக்கியதே எரிக்சன்தான். இன்றைக்கு அது ரீல்ஸில் அலைகிறது, கூடவே அதன் தம்பி 'குவார்ட்டர் லைஃப் கிரைசிஸ்'. வீட்டு விசேஷத்தில் அத்தை கேட்கிற "இன்னும் செட்டில் ஆகலையாடா?"வும் இதே குடும்பம்தான். எல்லாம் சொல்வது ஒன்றைத்தான்: உன் வயசுக்கு நீ இருக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கு, நீ அங்கே இல்லை.

ஆனால் எரிக்சன் வரைந்தது படிக்கட்டு இல்லை. 1950இல் வந்த 'சைல்ட்ஹுட் அண்ட் சொசைட்டி' நூலில் இருப்பது எட்டுக்கு எட்டு என்று கோடு போட்ட ஒரு சதுரம். மொத்தம் 64 கட்டங்கள். கீழே இடது மூலையிலிருந்து மேலே வலது மூலை வரை குறுக்காகப் போகும் எட்டுக் கட்டங்களில்தான் எழுத்து இருக்கிறது. மீதி 56 கட்டங்களும் காலி. அச்சுப்பிழை அல்ல, வேண்டுமென்றே காலியாக விடப்பட்டவை. பாடப்புத்தகங்கள் என்ன செய்தன என்றால், எழுத்து இருந்த எட்டை மட்டும் பிய்த்தெடுத்து அடுக்கி வைத்துக்கொண்டன. காலியாக இருந்ததைத் தூக்கிப் போட்டுவிட்டன.

எரிக்சனிடம் இன்றும் வாசிக்கத் தகுந்தது எதுவோ அது அந்தக் காலி இடங்களில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். அவருடைய மிகப் பெரிய தோல்வி இருப்பதும் அங்கேதான்.

2

முதலில் அந்தச் சதுரத்தை எப்படி வாசிப்பது என்று பார்த்துவிடலாம்.

கிடைவரிசை ஒவ்வொன்றும் ஒரு வயது. செங்குத்து வரிசை ஒவ்வொன்றும் ஒரு பிரச்சினை. 'நம்பிக்கை' என்பது கைக்குழந்தையின் பிரச்சினை, சரி. பசிக்கும்போது பால் வருமா, போன முகம் திரும்பி வருமா என்பதுதான் அதன் முதல் வடிவம். ஆனால் அந்த வரிசை அங்கே முடிவதில்லை. ஏழு கட்டங்கள் மேலே போகிறது. பதினேழு வயதில் அதே நம்பிக்கை வேறு உருவில் வரும். நாற்பதில் வேறு. எண்பதில், அடுத்தவர் கையைப் பிடித்துக் குளியலறைக்குப் போகும்போது, மறுபடியும் ஏறக்குறைய முதல் வடிவத்திலேயே வரும். அதேபோல முதுமையின் பிரச்சினையான 'முழுமை'க்கும் குழந்தைப் பருவத்தில் ஒரு கட்டம் உண்டு. காலியாக இருக்கிறது என்பதற்கு ஒன்றும் இல்லை என்று பொருள் கிடையாது. அங்கே என்ன நடக்கிறது என்பதை ஒவ்வொரு வாழ்க்கையும் தானே எழுதிக்கொள்ளட்டும் என்று விடப்பட்ட இடம் அது.

அடுத்தது, அந்த 'எதிர்' என்ற சொல். நாம் அதைக் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி படிக்கிறோம்: நம்பிக்கை ஜெயிச்சா பாஸ், அவநம்பிக்கை ஜெயிச்சா ஃபெயில். எரிக்சனே இந்த வாசிப்பைப் பார்த்துச் சலித்துக்கொண்டார். தன் நிலைகளைச் சாதனைப் பட்டியலாக மாற்றிவிடுகிறார்கள் என்பது அவர் குறை. அவரைப் பொறுத்தவரை கொஞ்சம்கூட அவநம்பிக்கை இல்லாத குழந்தை ஆபத்தில் இருக்கும் குழந்தை. யாரை நம்பக் கூடாது என்று தெரிவதும் வளர்ச்சிதான். இரண்டும் வேண்டும், எந்த விகிதத்தில் என்பதுதான் கேள்வி.

இந்த வரைபடத்தின் இன்னொரு தகப்பன் ஃப்ராய்ட். ஆனால் ஃப்ராய்டிடம் கதை ஐந்தாறு வயதுக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். அதற்குப் பிறகு வருவதெல்லாம் பழைய கடனுக்கு வட்டி கட்டுவதுதான். எரிக்சன் அந்தக் கதையைச் சாகும்வரை நீட்டினார். வெறும் நீட்டல் அல்ல அது. ஐம்பது வயதில் ஒருவருக்கு நடப்பது, ஐந்து வயதில் நடந்ததன் எதிரொலி மட்டும் இல்லை, அதற்கென்று சொந்தமான நெருக்கடியும் சொந்தமான வாய்ப்பும் உண்டு என்று சொன்னார். உளவியலில் இது சின்ன விஷயமில்லை. பெரியவர்களும் வளர்கிறார்கள் என்பதற்கு ஒரு மொழி வேண்டியிருந்தது. அதைக் கொடுத்தார்.

3

இப்படி ஒரு மொழியைத் தேடுகிற அவசியம் அவருக்கு ஏன் வந்தது?

1902இல் ஃப்ராங்க்ஃபர்ட்டில் பிறந்தார். அம்மா கார்லா ஆப்ரஹாம்சன், கோபன்ஹேகனைச் சேர்ந்த யூதக் குடும்பம். அப்பா யார் என்று கடைசி வரைக்கும் அவருக்குத் தெரியாது. அம்மா, தியோடர் ஹோம்பர்கர் என்ற குழந்தை மருத்துவரை மணந்துகொண்டார். அவரே உன் அப்பா என்று பையனுக்குச் சொல்லப்பட்டது. பையனோ உயரம், பொன்னிற முடி, நீலக் கண். யூத ஆலயத்தில் அவனை அயலான் என்றார்கள். பள்ளிக்கூடத்தில் யூதன் என்றார்கள். பல்கலைக்கழகம் போகவில்லை. ஓவியனாக ஊர் சுற்றினார். 1927இல் வியன்னாவில் ஒரு சின்னப் பள்ளியில் ஆசிரியர் வேலை கிடைத்தது. அங்கேதான் ஃப்ராய்டின் மகள் ஆனா ஃப்ராய்டிடம் உளப்பகுப்பாய்வுக்கு உட்பட்டு, பயிற்சியும் பெற்றார். 1933இல் அமெரிக்கா. பிறகு குடியுரிமை பெற்றபோது குடும்பப் பெயரை மாற்றிக்கொண்டார். எரிக்கின் மகன் எரிக்: எரிக் எரிக்சன். தனக்குத் தானே தகப்பனான பெயர்.

1975இல் மார்ஷல் பெர்மன் எழுதிய மதிப்புரை இந்தப் பெயரைத்தான் பிடித்துக்கொண்டது. தன் யூதப் பின்னணியை எரிக்சன் மங்கலாக்கி எழுதுகிறார், அடையாளம் பற்றி உலகத்துக்குப் பாடம் எடுப்பவர் சொந்த அடையாளத்தை மறைக்கிறார் என்பது குற்றச்சாட்டு. இது முழுக்க நியாயமா என்பது வேறு விவாதம். பெயர் மாற்றம் குடும்பம் சேர்ந்து எடுத்த முடிவு, வந்தேறிகள் பலரும் செய்ததுதான். ஆனால் ஒன்றை மறுக்க முடியாது. தன் சதுரத்தின் ஐந்தாவது வரிசையை அவர் வெளியிலிருந்து ஆராய்ந்து எழுதவில்லை, அதில் வாழ்ந்து எழுதினார். அதனால்தான் எட்டில் அந்த ஒன்று மட்டும் அத்தனை உயிரோடு இருக்கிறது.

4

இனி வரும் பகுதி கொஞ்சம் கஷ்டமானது.

1944இல் எரிக்சனுக்கும் அவர் மனைவி ஜோனுக்கும் நான்காவது குழந்தை பிறந்தது. பெயர் நீல். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தை. அந்தக் காலத்தில் டாக்டர்கள் சொன்ன வழி ஒன்றுதான்: உடனே ஒரு காப்பகத்துக்கு அனுப்பிவிடுங்கள், தாய் பார்த்துப் பழகிவிட்டால் பிரிவது கஷ்டம். பிரசவத்துக்குப் பிறகு ஜோன் மயக்க மருந்தின் பிடியில் இருந்தபோதே முடிவு எடுக்கப்பட்டது. நெருங்கிய நண்பரான மானுடவியலாளர் மார்கரெட் மீடிடம் எரிக்சன் யோசனை கேட்டார், அவரும் அதையே சொன்னார். வீட்டிலிருந்த பிள்ளைகளிடம், குழந்தை பிறந்ததும் இறந்துவிட்டது என்று சொல்லப்பட்டது. நீல் இறக்கவில்லை. இன்னும் 21 ஆண்டுகள் உயிரோடு இருந்தான். 1965இல் அவன் இறந்த செய்தி வந்தபோது பெற்றோர் இத்தாலியில் இருந்தார்கள். இறுதிக் காரியங்களைப் பார்த்துக்கொள்ளும்படி வளர்ந்த பிள்ளைகளிடம் சொன்னார்கள்.

இதெல்லாம் 1999இல் லாரன்ஸ் ஃப்ரீட்மன் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் விரிவாக வந்தது. மகள் சூ எரிக்சன் ப்ளோலண்ட் பிறகு தன் நினைவுக்குறிப்பிலும் எழுதினார்.

இப்போது ஆண்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீல் பிறந்தது 1944. குழந்தைகள், இளைஞர்கள் பற்றிய வெள்ளை மாளிகை மாநாட்டுக்காகவும் முதல் புத்தகத்துக்காகவும் எட்டு நிலைகள் முழு வடிவம் பெற்றது 1950. நடுவில் ஆறே வருடம். ஆரோக்கியமான மனித வளர்ச்சி என்பது என்ன என்று அந்தத் தம்பதி மேசையில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தபோது, அந்த வரைபடத்துக்குள் எங்கேயும் பொருந்தாத ஒரு பிள்ளை வேறொரு கட்டடத்தில் வளர்ந்துகொண்டிருந்தான். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று ஃப்ரீட்மனும் கருதுகிறார்.

ஜோன் சொன்ன இன்னொரு கதையும் உண்டு. ஆரம்பத்தில் அவர்களிடம் ஏழு நிலைகள்தான் இருந்தன. ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் வரும் மனிதனின் ஏழு பருவங்களைப் பற்றிப் பேசிக்கொண்டு ரயிலடிக்குக் காரில் போகும்போதுதான் உறைத்திருக்கிறது: இளமையின் நெருக்கத்திலிருந்து நேராக முதுமைக்குத் தாவிவிட்டோம், நடுவயதைக் காணோம். அதாவது தங்களையே விட்டுவிட்டார்கள். அப்படிச் சேர்ந்ததுதான் இன்றைய ஏழாவது நிலை. அடுத்த தலைமுறையை ஆக்கிப் பேணுவதா, தேங்கிப் போவதா என்ற நிலை. அதன் நற்பண்பாக எரிக்சன் பின்னாளில் சொன்னது அக்கறை.

நாற்பதுகளில் இருந்த ஒரு தாயும் தகப்பனும் வாழ்க்கையை வரைகிறார்கள். மறந்து போனது எது? பிள்ளைகளைப் பேணும் வயது. இதை நான் உளப்பகுப்பாய்வு செய்யப் போவதில்லை. தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் தற்செயலான சறுக்கல்களுக்கு அர்த்தம் உண்டு என்று சொன்ன மரபிலிருந்து வந்தவர் அவர்.

சரி, இதனால் கோட்பாடு பொய்யாகிவிடுமா? ஆகாது. ஒருவர் வாழ்க்கையில் தவறினார் என்பதால் அவர் சொன்னது தவறாகிவிடாது. நான் கேட்பது வேறு. அந்தச் சதுரத்தில் 56 கட்டங்கள் காலியாக விடப்பட்டது எல்லோருக்கும் இடம் இருக்கட்டும் என்றுதானே? பிறகு ஏன் நீலுக்கு அங்கே இடமில்லை? அவனுக்கும் நம்பிக்கை, அவநம்பிக்கை இருந்திருக்கும். உழைப்பும் நெருக்கமும் அவனுக்கான அளவில் இருந்திருக்கும். எரிக்சனின் வரைபடம் தாராளமானது. அவரோ அதை வயதின் ஒழுங்குக்குள், அதாவது 'நார்மல்' என்பதற்குள், பூட்டினார்.

5

எரிக்சனின் ஆகச் சிறந்த புத்தகம் என்று நான் நினைப்பது 1969இல் வந்த 'காந்திஸ் ட்ரூத்'. புலிட்சர் பரிசும் தேசிய நூல் பரிசும் பெற்றது. 1962இல் வாழ்க்கைச் சுழற்சி பற்றிய கருத்தரங்குக்காக அவர் அகமதாபாத் வந்தார். தங்கியது சாராபாய் குடும்பத்தின் விருந்தினராக. 1918 மில் வேலைநிறுத்தத்தில் காந்தி எதிர்த்து நின்ற முதலாளி அம்பாலால் சாராபாய். தொழிலாளர் பக்கம் நின்றவர் அவருடைய அக்கா அனசூயா. தொழிலாளர் கேட்டது 35 சதவீத உயர்வு, முதலாளிகள் தந்தது 20. நடுவில் காந்தியின் மூன்று நாள் உண்ணாவிரதம். அப்போது காந்திக்கு 48 வயது. நடுவயது மனிதர் ஒருவர் எப்படி ஒரு தேசத்தையே தன் பிள்ளையாக எடுத்துக்கொள்கிறார் என்பதுதான் எரிக்சனின் கேள்வி. ஏழாவது நிலையின் உச்ச உதாரணம்.

ஆனால் புத்தகத்தின் நடுவே எழுத்து நின்றுவிடுகிறது. ஆராய்ச்சியாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இறந்துபோன காந்திக்கே நேராக ஒரு கடிதம் எழுதுகிறார். நீண்ட கடிதம். கஸ்தூர்பாவிடம் காந்தி நடந்துகொண்ட விதம், பிள்ளைகள் மீதும் ஆசிரமத்துச் சிறுவர் சிறுமியர் மீதும் அவர் நடத்திய சோதனைகள் எல்லாம் வருகின்றன. அகிம்சையை உலகுக்குச் சொன்னவர் தன்னை நெருங்கியவர்களிடம் ஒரு நுட்பமான வன்முறையைச் செலுத்தினார், அதைத் தான் செய்வதை ஒப்புக்கொள்ளவும் இல்லை என்பதுதான் அதன் சாரம். அதைச் சொல்லாமல் தன்னால் மேற்கொண்டு எழுத முடியவில்லை என்கிறார்.

காந்தி பற்றி எழுதப்பட்டவற்றில் இவ்வளவு மரியாதையோடும் இவ்வளவு கோபத்தோடும் எழுதப்பட்ட பக்கங்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் 1999க்குப் பிறகு அதைப் படிக்கிறவர்களுக்கு இன்னொரு குரலும் கேட்கும். அகமதாபாத் வந்தபோது நீல் உயிரோடு இருந்தான். புத்தகம் வெளிவந்தபோது இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. ஊருக்கெல்லாம் தகப்பனாக இருந்து சொந்த வீட்டில் தகப்பனாக இருக்கத் தவறிய மனிதரைப் பார்த்து, அமெரிக்காவின் பிள்ளைவளர்ப்பு ஞானி எழுதுகிறார். அந்தக் கடிதத்தின் மேல் இருக்கும் முகவரி காந்தியுடையதுதான். ஆனால் அது போய்ச் சேர வேண்டிய இன்னொரு வீடும் இருந்தது.

இதைப் பாசாங்கு என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நேராகச் சொல்ல முடியாததை மனிதர்கள் வேறொருவர் கதையில் சொல்வார்கள். அந்த அதிகாரத்தின் நடுக்கம் அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன்.

6

காலிக் கட்டங்களை நிரப்ப வந்த முக்கியமான ஒருவர் கரோல் கில்லிகன். ஹார்வர்டில் எரிக்சனோடு சேர்ந்து பாடம் நடத்தியவர். 1982இல் 'இன் எ டிஃபரன்ட் வாய்ஸ்' நூலில் அவர் காட்டியது இது: எரிக்சனின் வரிசையில் முதலில் அடையாளம், பிறகு நெருக்கம். யார் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் இன்னொருவரோடு சேர முடியும். பெண்களுக்கு இவை இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன என்று எரிக்சனே ஓரிடத்தில் ஒப்புக்கொள்கிறார். ஒப்புக்கொண்ட பிறகும் வரைபடத்தை மாற்றவில்லை. மனிதகுலத்தில் பாதிப் பேருக்குப் பொருந்தாது என்று தெரிந்தும் வரைபடம் அப்படியே நிற்கிறது.

இது எரிக்சனுக்கு மட்டும் உள்ள நோய் இல்லை. 1938இல் தொடங்கிய புகழ்பெற்ற ஹார்வர்ட் ஆய்வு 268 மாணவர்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தது. அத்தனை பேரும் ஆண்கள். நம் பக்கம் வந்தால் உலா இலக்கியம் பெண்ணுக்கு ஏழு பருவம் சொல்கிறது: பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். கடைசிப் பருவம் 40 வயதோடு முடிகிறது. அதற்குப் பிறகு? பெயரே கிடையாது. தலைவன் பவனி வரும்போது மயங்கி நிற்கிற வயதுக்கு மட்டும்தான் அங்கே பெயர் தேவைப்பட்டது. பருவங்களை எண்ணுகிறவர் எங்கே நிறுத்துகிறார் என்று பார்த்தால், அவருக்கு மனிதர்கள் எதற்குத் தேவைப்பட்டார்கள் என்று தெரிந்துவிடும்.

7

எட்டாவது நிலைக்கு வருவோம். ஹார்வர்ட் வகுப்பில் இதை விளக்க எரிக்சன் ஒரு சினிமா போட்டுக் காட்டுவார். இங்மர் பெர்க்மனின் 'வைல்ட் ஸ்ட்ராபெரீஸ்' (1957). 1976இல் அதைப் பற்றி நீண்ட கட்டுரையும் எழுதினார். ஐசக் போர்க் என்ற 78 வயது மருத்துவர், கௌரவப் பட்டம் வாங்க மருமகளோடு காரில் லுண்ட் நகரத்துக்குப் போகிறார். வழியெல்லாம் கனவுகள். ஒரு கனவில் அவருக்குத் தேர்வு வைக்கிறார்கள். மருத்துவரின் முதல் கடமை என்ன என்று கேள்வி. அவருக்கு மறந்துவிட்டது. மன்னிப்புக் கேட்பதுதான் முதல் கடமை என்று தேர்வாளர் சொல்கிறார்.

இந்தப் படத்தை எரிக்சன் ஏன் திரும்பத் திரும்பப் பார்த்தார் என்பதற்கு இனி விளக்கம் வேண்டுமா என்ன?

எட்டாவது நிலையில் எரிக்சன் சொல்லும் முழுமை அழகான கருத்து. நான் வாழ்ந்த வாழ்க்கை இதுதான், வேறொன்று அல்ல, இதை ஏற்றுக்கொள்கிறேன் என்கிற நிலை. ஆனால் அதை எழுதியபோது அவருக்கு நாற்பதுகள். முதுமை தூரத்தில் தெரிகிற மலை. தூரத்திலிருந்து பார்த்தால் மலை அழகாகத்தான் இருக்கும்.

ஏறிப் பார்த்துவிட்டு வந்து சொன்னவர் ஜோன். அவர் கனடாவில் பிறந்த நடனக்காரர். கணவர் எழுதியதையெல்லாம் திருத்தியவர். எட்டு நிலைகளில் பாதி அவருடைய உழைப்பு. அட்டையில் பெயர் ஒன்றுதான். எரிக்சன் 1994இல், 91 வயதில் இறந்தார். அதன்பின் தொண்ணூறுகளில் இருந்த ஜோன், 'தி லைஃப் சைக்கிள் கம்ப்ளீட்டட்' நூலுக்குப் புதிய அத்தியாயங்கள் எழுதினார். 1997இல் வந்தது. வாழ்க்கைச் சுழற்சி முடிந்துவிட்டது என்று தலைப்பிலேயே சொல்லும் ஒரு புத்தகத்தில், இன்னும் முடியவில்லை என்று ஒன்பதாவது நிலையைச் சேர்த்தார்.

அவர் செய்தது எளிமையான ஒரு மாற்றம்தான். ஒவ்வொரு ஜோடியிலும் சொற்களை இடம் மாற்றினார். அவநம்பிக்கை முதலில், பிறகு நம்பிக்கை. வெட்கம் முதலில், பிறகு தன்னாட்சி. உடம்பு சொன்னபடி கேட்காதபோது முதலில் வருவது அவநம்பிக்கைதான். கால் நிற்குமா? சிறுநீர் தாங்குமா? இரண்டு வயதில் முடிந்துவிட்டது என்று நினைத்த வெட்கம் தொண்ணூறில் திரும்பி வருகிறது. எட்டுப் பிரச்சினைகளும் ஒரே நேரத்தில் கதவைத் தட்டுகின்றன. முதியவர்களுக்கு ஞானம் வரும் என்று சொல்லிவிட்டு அவர்களை மூலையில் உட்கார வைக்கிற சமூகத்தில் எந்த ஞானம் வரும் என்றும் கேட்கிறார். ஸ்வீடன் சமூகவியலாளர் லார்ஸ் டோர்ன்ஸ்டாமிடமிருந்து 'முதுமையில் கடந்து செல்லல்' என்ற சொல்லை எடுத்து, அதன் ஆங்கில எழுத்தைச் சற்றே மாற்றி அதற்குள் 'டான்ஸ்' என்ற சொல்லை ஒளித்து வைக்கிறார். நடனக்காரி இல்லையா.

ஜோன் இந்த நிலைகளை வண்ண நூல்களில் நெய்தும் பார்த்தவர். எனக்கு இந்தச் சதுரம் முழுசாகப் புரிந்தது அந்த நெசவை நினைத்துப் பார்த்தபோதுதான். தறியில் பாவு நூல் முழு நீளத்துக்கும் ஓடும். ஊடை குறுக்கே போகும்போது எந்த நிறம் மேலே தெரிகிறது என்பதுதான் வேறுபடுகிறது. கீழே போன நிறம் காணாமல் போவதில்லை, துணிக்குள்தான் இருக்கிறது. 64 கட்டங்களில் ஒன்றுகூடக் காலி இல்லை. எட்டு மட்டும் மேலே தெரிகிறது, அவ்வளவுதான்.

அதனால் இருபத்தேழு வயதில் 'நான் ஐந்தாவது நிலையிலேயே மாட்டிக்கிட்டேன், எல்லாரும் ஏழுக்குப் போயிட்டாங்க' என்று கவலைப்படுகிறவருக்கு இந்தக் கிழவி சொல்வதில் ஒரு ஆறுதல் இருக்கிறது, ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. ஆறுதல்: யாரும் எந்த நிலையையும் முடித்துவிட்டுப் போவதில்லை, உங்கள் தாத்தா இப்போது முதல் நிலையில் இருக்கிறார். எச்சரிக்கை: எந்த வரைபடத்தைக் கையில் எடுத்தாலும், அதை வரைந்தவர்கள் யாரை வெளியே விட்டுவிட்டு வரைந்தார்கள் என்று கேளுங்கள். இந்த வரைபடத்தில் அந்தப் பெயர் நீல்.